வாசலில் நின்று கேட்டவர்

ஞாயிறு இரவு.

தூங்கத் தோன்றவே இல்லை. புது கிட்டார் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

லீட் கிட்டார் வாசித்த பிரவீன் துபாய் போனதிலிருந்து எங்கள் பேண்டில் கிட்டார் நான் ஒருத்திதான். வருகிற சனிக்கிழமை ஒரு கல்யாண ரிசப்ஷனில் வாசிக்க வெளி ஆளைக் கூப்பிடலாம் என்றார் ஜோசப். டிரம்ஸ் அவர்தான், என் வீட்டுக்காரரும் அவர்தான். வேண்டாம், அக்கூஸ்டிக்கும் எலெக்ட்ரிக்கும் ஒன்றிலேயே இருக்கிற கிட்டார் வாங்கலாம் என்று இன்று அவரை பிரேசர் டவுன் மியூசிக் கடைக்கு இழுத்துப் போனேன்.

"லேடீஸுக்கு இதுதான் மேடம், வெயிட்டே இல்லை" என்று கடைக்காரர் ஒன்றை நீட்டினார். அதைச் செருகி, ஆம்ப்பின் சத்தத்தை மேடை அளவுக்கு ஏற்றச் சொன்னேன். ஊளையிட்டது. கனமான இன்னொன்றைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன்.

எங்கள் பேண்டில் எது வாங்கினாலும் ஒருத்தர் கடை வாசலில் ரோட்டைப் பார்த்து நின்று கேட்கவேண்டும். வாசிப்பவர் கையைப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். ஜோசப் போய் நின்றார். அக்கூஸ்டிக்கில் ஒரு வரி வாசித்துவிட்டு, சுவிட்சைத் தட்டி, பிரவீன் வாசிக்கிற லீடை வாசித்தேன்.

ஜோசப் உள்ளே வந்து கடைக்காரர் கையைப் பார்த்தார்.

"அந்த லீடு யாரு வாசிச்சது?"

நான் அதையே மறுபடி வாசித்தேன்.

கிட்டாரை வீடுவரை அவரேதான் தூக்கி வந்தார். வெளி ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை.