வெளியிலிருந்து வரும் வழி

மார்ச் 3

அன்புள்ள வாயாடிக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷமே சண்டை வந்துவிடுகிறது. அதனால் இனி மெயிலில் எழுதுகிறேன். எழுதும்போது இரண்டு பேருமே கொஞ்சம் நல்லவர்களாக இருக்கிறோம்.

அடுத்த மாதம் லீவில் வருவதாகச் சொன்னேன் அல்லவா. செருப்பு அலமாரிக்குள் நான் வைத்துவிட்டு வந்த சர்வர் பெட்டியை வெளியூரிலிருந்தும் திறக்கும்படி செய்ய வேண்டும் என்பதுதான் முக்கிய வேலை. நம் கல்யாணப் படங்களிலிருந்து என் பாட்டுகள் வரை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நம் வீட்டு வைஃபையில் மட்டும்தான் திறக்கிறது.

யோசித்துப் பார்த்தால் இதை நீயே செய்துவிடலாம். ரூட்டரில் ஒரு கதவைத் திறந்து, வருகிறவனைப் பெட்டியிடம் அனுப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கே குளிர்பதனக் கிடங்கில் ஆள் குறைவு. லீவு என்று வாயைத் திறந்தாலே மேனேஜர் முகம் சுளிக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
இன்ஜினியர்


மார்ச் 9

இன்ஜினியர் சார் அவர்களுக்கு,

நலம். நீங்கள் விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

எழுதியபடியே கதவைத் திறந்து வைத்தேன். செருப்பு அலமாரிக் கதவு மூன்று நாள் ஆவென்று திறந்து கிடந்தது. மாடி வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "என்னம்மா, செருப்பைக் காத்து வாங்க விட்டிருக்கியா?" என்று கேட்டார். "இல்லக்கா, அவர் வர்றதுக்கு வழி" என்றேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் என்னவோ போல ஆகிவிட்டது. நீங்கள் சொன்னது எந்தக் கதவு என்று நான் வேலை பார்க்கும் லேபில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் விளக்கினார். அவர் சிரித்த சிரிப்பில் டெஸ்ட் ட்யூப் எல்லாம் ஆடின.

அந்தக் கதவையும் திறந்து பார்த்தேன். வேலை செய்யவில்லை. இணையக் கம்பெனிக்குப் போன் போட்டால், நம் தெரு முழுவதற்கும் சேர்த்து ஒரே முகவரிதான் என்கிறார்கள். நாம் வெளியே போகலாமாம், வெளியிலிருந்து நம் வீட்டைத் தேடிக்கொண்டு யாரும் வர முடியாதாம். இதைக் கண்டுபிடிக்க ஒரு கம்பெனி வேண்டுமா, என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இன்னொரு விஷயம். லேபில் புதிதாகத் திறக்கும் கிளையைப் பொறுப்பேற்று நடத்தச் சொல்கிறார்கள். வேறு ஊர். வீட்டையும் உங்கள் பெட்டியையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று மறுத்துவிட்டேன். திரும்பவும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டியோடு இரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறவள்


மார்ச் 15

அன்புள்ள வாயாடிக்கு,

அலமாரிக் கதவைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். இங்கே நான் சிரித்து அவர் பார்த்ததில்லை.

வெளியிலிருந்து உள்ளே வர முடியாவிட்டால் போகட்டும். பெட்டி உள்ளேயிருந்து கூப்பிடும்படி செய்யலாம். நானும் இங்கிருந்து கூப்பிடுவேன். நடுவில் சந்தித்துக்கொள்வோம். அதற்கான புரோகிராமை எப்படிப் போடுவது என்று தனியாக எழுதி இணைத்திருக்கிறேன்.

இது சரியாக வந்துவிட்டால் இந்த லீவைத் தள்ளிப் போடலாம் என்று பார்க்கிறேன். கோபப்படாதே. புதுக் கிளைக்கு நீ போய்விட்டால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது?

அன்புடன்,
இன்ஜினியர்


மார்ச் 24

இன்ஜினியர் சார் அவர்களுக்கு,

செய்து முடித்துவிட்டேன்.

வேண்டுமென்றே சொதப்பியிருக்கலாம். ஒரே ஒரு எழுத்தைத் தப்பாகத் தட்டியிருந்தால் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பெட்டியைச் சரிசெய்ய வருகிற மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று தோன்றியது. சரியாகவே தட்டினேன்.

உள்ளேயிருந்து கூப்பிட்டால்தான் வர முடியும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வருஷமாக நான் கூப்பிட்டது எந்தக் கணக்கில் சேர்ந்தது?

இப்படிக்கு,
நான்


மார்ச் 26

என் கெட்டிக்காரிக்கு,

திறந்துவிட்டது. நான் ஏணியில் நின்று மின்விசிறி மாட்டும்போது நீ கீழேயிருந்து எடுத்த படம்தான் முதலில் வந்தது. ஏதோ வீட்டுக்குள்ளேயே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. தினமும் வேலை முடிந்ததும் வந்து போகப்போகிறேன்.

லீவு இப்போதைக்கு வேண்டாம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். வருஷக் கடைசியில் பார்க்கலாம்.

அன்புடன்,
இன்ஜினியர்


ஏப்ரல் 6

உங்களுக்கு,

புரோகிராம் போட்ட அன்று, வெளியிலிருந்து திறக்கிறதா என்று சோதிக்க பஸ் ஸ்டாப் வரை நடந்து போய் போனில் பார்த்தேன். எல்லாப் படமும் வந்தது. உங்களுக்குத் திறப்பது எனக்கும்தானே திறக்கும், பின்னே நான் எதற்கு இந்த வீட்டைக் காவல் காக்கிறேன் என்று அங்கே நின்று யோசித்தேன். பஸ்கள் வந்து வந்து போயின. கொஞ்சம் அழவும் செய்தேன்.

உங்கள் மெயில் வந்த மறுநாள், புதுக் கிளைக்குப் போகிறேன் என்று லேபில் சொல்லிவிட்டேன். வீட்டையும் காலி செய்தாயிற்று. பெட்டி இப்போது மாடி வீட்டு அக்காவின் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த ரூட்டரில் மாட்டினாலும் அது கூப்பிடும். உங்கள் புரோகிராம் நல்ல புரோகிராம்.

போன வாரமே மாற்றிவிட்டேன். நீங்கள் தினமும் வந்து போவதைப் பெட்டி காட்டியது, பார்த்தேன். நாம் இருந்த வீட்டில் பெட்டியும் இல்லை, நானும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியவே இல்லை.

எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் அறைக்குள் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்


ஏப்ரல் 19

வாயாடி,

நீ போன் எடுக்கவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. அதனால் இதைப் பெட்டிக்குள்ளேயே போட்டு வைக்கிறேன், எங்கிருந்து திறந்தாலும் முதலில் உன் கண்ணில் படும்படி.

நீ எழுதியது உண்மை. எனக்குத் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க வீட்டில் இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிருக்கா தம்பி, என்னை வம்புல மாட்டிவிடாதீங்க" என்று போனை வைத்துவிட்டார். லேபில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அப்படித் தெரிந்துகொண்டு உன் வாசலில் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

லீவு கேட்டேன். மேனேஜர் முகம் சுளித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்கட்டும்?

உன்,
இன்ஜினியர்

பி.கு. மே 2. யார் எப்போது கடைசியாக வந்தார்கள் என்று பெட்டி காட்டுகிறது. ஏப்ரல் 6-க்குப் பிறகு நீ வரவே இல்லை. எனக்கு நாளையிலிருந்து லீவு.