கிணற்று அறிக்கையின் இரண்டாம் பக்கம்

என் கூடப்பிறந்த பேச்சிக்கு,

உன் வீட்டுக் கிணற்றில் காலரா இருக்கிறதென்று ஊரை நம்ப வைத்தவன் நான். உன் மகள் முத்துமாரியின் நிச்சயதார்த்தம் நின்றுபோனதும் என்னால்தான். அந்தக் கிணற்றில் அந்த நோய் இருக்கவே இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நீ செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

அந்த மழைக்காலத்தில் நம் ராஜபாளையம் தெருவில் நாலைந்து பேருக்கு வயிற்றுப்போக்கு வந்ததும், மனு எழுதி உன் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க வைத்தேன். ஆங்கிலத்தில் வந்த அறிக்கையின் முதல் பக்கத்தில் காலரா கிருமியின் பெயர் இருந்தது. எட்டாவதோடு நின்றவன், மில் வேலைக்கு நடுவே தானே ஆங்கிலம் கற்றவன் கண்டுபிடித்துவிட்டேன் என்ற மிதப்பு எனக்கு. டீக்கடையில் சத்தமாக வாசித்தேன்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். சீர்த்தட்டோடு வந்தேன், கக்கத்தில் தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தேன். “பாட்டில் தண்ணியோட வந்த தாய்மாமன இன்னைக்குத்தான் பாக்கேன்” என்று யாரோ சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. இலை போட்டு என் கையைப் பிடித்தாய்.

“அண்ணே, ரெண்டு வாய் சாப்பிடுண்ணே. மாப்பிள்ளை வீட்டு ஆளுக பாக்காக.”

“ஏட்டி, அந்தக் கெணத்துத் தண்ணியில பொங்குனதையா திங்கச் சொல்லுத?”

“கொதிச்ச சோத்துல என்னண்ணே கிருமி கெடக்கு?”

நீ கேட்டதுதான் சரி. நான் எழுந்துவிட்டேன். தளவாய்புரத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் அத்தை, “தாய்மாமனே கை நனைக்கல. நமக்கு எதுக்கு மதினி வம்பு? எந்திரிங்க” என்றாள். பந்தி மொத்தமும் எழுந்தது.

அதன்பின் நீ என்னோடு பேசவில்லை. நானும் வரவில்லை. நெஞ்சுவலியில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் வாசலோடு நின்றுவிட்டேன். உள்ளே வந்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாயா?

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எதற்குத் தெரியுமா? முத்துமாரி அந்தக் கிணற்றுத் தண்ணீரில் இட்லி மாவு அரைத்து விற்கிறாள். கிணற்றையே மூடச் சொல்லி இன்னொரு மனு கொடுக்கத்தான். சுகாதார ஆபீஸில் ஓர் அம்மா பழைய அறிக்கையைப் புரட்டினார்.

“ஐயா, பேரு காலரா கிருமிதான். ஆனா கெணத்துலயும் கம்மாயிலயும் தானா வாழுறது பெரும்பாலும் காலராவக் குடுக்காது. அதுக்கு முக்கியமா ரெண்டு ஜீன் வேணும். ஒண்ணு குடல்ல ஒட்டிக்கிட, ஒண்ணு விஷத்த உண்டாக்க. உங்க கெணத்துக் கிருமிகிட்ட ரெண்டும் இல்லைன்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கே, வாசிக்கலையா?”

வாசித்தேன், பேச்சி. ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்காதது முக்கியமாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்போ நான் சொன்னது அம்புட்டும் தப்பா?” என்று கேட்டேன். அப்போதும் எனக்கு ஜெயிக்கத்தான் தோன்றியது. எழுதவே கூசுகிறது.

“லேசா வயித்துப்போக்கு வரலாம். அந்த ஜீன் பொறவு வந்து சேரவும் கூடும். அதான் கொதிக்க வச்சுக் குடிங்கங்கோம். அதுக்காக ஒரு வீட்டையே காலரா வீடுன்னு சொல்லுவீகளா?”

இன்றைக்கும் நம் தெருப் பெண்கள் முத்துமாரி வாசலைத் தாண்டிப் போய், பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் மாவு வாங்குகிறார்கள்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட அறிக்கைகளின் முடிவில் ஆபீஸ்காரர்கள் அதன் அர்த்தத்தைத் தமிழில் நாலு வரி எழுத வேண்டும். மனு போட்டிருக்கிறேன், விட மாட்டேன். கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டியதும், மழை முடிந்ததும் தண்ணீரைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டியதும் நான். இரண்டாம் பக்கத்தை வீடு வீடாக, தளவாய்புரம் வரை போய் வாசிக்க வேண்டியதும் நான். கேட்டவர்கள் அடுத்த வீட்டில் சொல்ல வேண்டும், முதல் பக்கத்தைப் பரப்பிய அதே வேகத்தில். கால் ஓயும்வரை போவேன். இது உனக்குச் சத்தியம்.

முத்துமாரி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. என்னை மன்னிப்பது உட்பட.

தலை குனிந்து நிற்கும்
உன் அண்ணன்