டேனரி ஹில் சாலைக்கு மறுபடியும் உப்பு வேண்டும்

அனுப்புநர்
லெனர்ட் ப்ரூசாக் (வயது 69),
ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து மெக்கானிக்,
14, டேனரி ஹில் ரோடு,
நார்த் பெல்மர், நியூயார்க் மாநிலம்.

பெறுநர்
திருமதி மார்ஜரி ஆஸ்ட்ராண்டர் அவர்கள்,
சாலைத் துறைக் கண்காணிப்பாளர்,
நகர அலுவலகம், நார்த் பெல்மர்.

பொருள்: டேனரி ஹில் ரோட்டில் குளிர்காலத்தில் உப்பு தூவுவதை மீண்டும் தொடங்கவும், எனது முந்தைய மனுவை ரத்து செய்யவும், பனி வாரும் லாரியின் ஓட்டுநர் திரு. கர்ட்டிஸ் பெனுவா மீதான விசாரணையைக் கைவிடவும் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. பதினோரு கையொப்பங்களுடன் நான் அளித்த மனு, நாள் 11.05.2022.
2. தங்கள் அலுவலக உத்தரவு, நாள் 06.09.2022.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். வழக்கமாகப் புகார் மனுவில் புகார் செய்பவர் ஒருவர், புகாருக்கு உள்ளானவர் வேறொருவர். இந்த மனுவில் இரண்டும் நானே. தாங்கள் பொறுமையுடன் முழுவதும் படிக்க வேண்டுகிறேன்.

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவில், பனிக்கட்டியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு எங்கள் கிணறுகளில் இறங்கிவிட்டதாகவும், என் வீட்டுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தேன். அது பொய். என் கிணற்றுத் தண்ணீர் அப்போதும் நன்றாகத்தான் இருந்தது, இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது. பரிசோதனைக்கென்று சுகாதார அலுவலகம் கொடுத்த பாட்டிலில் தண்ணீர் பிடித்து, அதில் அரை ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டு, கரையும்வரை குலுக்கிக் கொடுத்தவன் நான். அந்த அறிக்கையை நம்பித்தான் தாங்கள் எங்கள் சாலையில் உப்பை நிறுத்தி, மணல் மட்டும் போட உத்தரவிட்டீர்கள். இந்த ஒரு பத்தியை எழுத எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

2. காரணம், ஒரு கார். 1967ஆம் வருடத்து எம்.ஜி., இரண்டு பேர் மட்டும் உட்காரும் பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். இருபத்தாறு வயதில் இதே போன்ற வண்டி ஒன்று என்னிடம் இருந்தது. அறியாத வயது, நான்கு குளிர்காலம் உப்புச் சாலையில் ஓட்டினேன். ஐந்தாம் வருடம் காலடித் தகடு துருவேறி உதிர்ந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஓடும் சாலை தெரிந்தது. பழைய இரும்புக்குத்தான் போனது. பன்னிரண்டு வருடம் முன்பு, பனியே பார்க்காத அரிசோனாவிலிருந்து இப்போதைய வண்டியை வாங்கி வந்தேன். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது ஊசிமுனை அளவு துருகூட இல்லை. இதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே மனதில் ஆணையிட்டுக்கொண்டேன்.

3. அந்த ஆணையை எப்படிக் காப்பாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நவம்பர் முதல் வாரமே வண்டியைச் சாலையிலிருந்து எடுத்துவிடுவேன். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, மூலைமுடுக்கெல்லாம் பிரஷ்ஷால் மெழுகெண்ணெய் பூசுவேன். நான்கு தாங்கிகள் மேல் ஏற்றி, கீழே பிளாஸ்டிக் விரிப்பு, மேலே பருத்தித் துணி. எலி புகாமல் இருக்கப் புகைக்குழாயில் இரும்புப் பஞ்சு. வெளியே போய் வந்த பூட்ஸோடு அந்தக் கராஜுக்குள் நானே நுழைய மாட்டேன். இவ்வளவு செய்தும், என் கராஜ் மேட்டின் அடிவாரத்தில், சாலையைவிடத் தாழ்வாக இருப்பதால், உப்புக் கரைந்த பனிநீர் கதவுக்கு அடியில் கசிந்து உள்ளே வரும். மார்ச் மாதம் தரை காய்ந்ததும் சிமெண்ட்டில் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாக நிற்கும். ஒவ்வொரு வருடமும் அந்தக் கோடு வண்டிக்கு ஒரு சாண் நெருங்கிக்கொண்டே வந்தது.

4. இதைப் பற்றி நான் முதலில் நேர்மையாகத்தான் தங்களிடம் வந்தேன். கராஜ் வாசலில் ஒரு வடிகால் வெட்டி, சின்னதாக ஒரு சிமெண்ட் வரப்பு கட்டினால் போதும் என்று தாங்கள் படம் வரைந்தே காட்டினீர்கள். சரியான யோசனை. ஆனால் நகரம் போடும் உப்புக்கு என் வாசலை நான் ஏன் தோண்ட வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்தது. காருக்காக யாரும் சாலை விதியை மாற்ற மாட்டார்கள், குடிதண்ணீருக்காக மாற்றுவார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்த ஸ்பூன் அப்படித்தான் என் கைக்கு வந்தது.

5. மனுவில் முதல் கையெழுத்து போட்டவர் மேட்டின் உச்சியில் குடியிருக்கும் என் நண்பர் வெர்ன் டிவிட். கையெழுத்து போட்டதோடு அவர் நிற்கவில்லை. கோடை முழுவதும் வாரம் ஒருமுறை கடைக்குப் போய்க் குடிதண்ணீர்க் கேன்கள் வாங்கி வந்து, அவர் வீட்டுக்கு இரண்டு, என் வீட்டுக்கு இரண்டு என்று இறக்கினார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. "யோவ், உன் கிணறுதான்யா எல்லாத்தையும்விட மோசம்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கான். ஒரு சொட்டு குடிச்சிராத," என்பார். நானே தூக்கிக்கொள்கிறேன் என்றால், "நீ அந்தக் காருக்கு அடியில படுத்து முதுகை ஒடச்சுக்கிட்டவன், போ உள்ள," என்று வைதுவிட்டுப் படியேற்றி வைத்துவிட்டுப் போவார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் காபி போட்டுக் குடித்தேன்.

6. இனி ஜனவரி 17, செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. விடிய விடிய உறைமழை பெய்து, போட்ட மணலெல்லாம் பனிக்கட்டிக்குள் போயிருந்தது. ஏழே கால் மணிக்கு வெர்னுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டு, பேச்சுக் குழறியது. அவர் மனைவி கோலெட் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் மேடு ஏற முடியவில்லை. இரண்டு முறை பாதி தூரம் போய்ப் பின்னுக்குச் சறுக்கி, கடைசியில் என் கராஜுக்கு எதிரே சாலையின் குறுக்கே நின்றுவிட்டது.

7. அடுத்த சில நிமிடத்தில் திரு. கர்ட்டிஸ் பெனுவா தன் லாரியோடு வந்தார். உத்தரவுப்படி லாரியில் மணல் மட்டும்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் சக்கரத்துக்கு முன்னால் அவர் மணலைக் கொட்டினார், அது கண்ணாடி மேல் கொட்டிய மாதிரி வழிந்து போனது. வயர்லெஸ்ஸில் கேட்டார், உப்பு ஏற்றிய லாரி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, அரை மணி ஆகும் என்றார்கள். உடனே வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "சார், வீட்ல உப்பு இருக்கா? கிணத்துத் தண்ணிய மென்மையாக்குற மெஷினுக்குப் போடுற உப்பு, எது இருந்தாலும் குடுங்க," என்று கத்தினார்.

8. அம்மையீர், என் வீட்டு அடித்தளத்தில் நாற்பது பவுண்டு மூட்டை மூன்று இருந்தது.

9. நான், "இல்ல கர்ட்டிஸ், தீர்ந்துபோச்சு," என்றேன். யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. ஆம்புலன்ஸ் நின்ற இடம் சரியாக என் கராஜ் வாசல். அங்கே கொட்டினால் எல்லாம் உள்ளேதான் வரும் என்பது மட்டும் மண்டையில் ஓடியது. சொன்ன பிறகு மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அடுப்புச் சாம்பல் ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தேன். என்னால் ஆனதைச் செய்கிறவன் போல நானும் அவர்களோடு சேர்ந்து அதைத் தூவினேன். அந்த மூன்று மூட்டை போதுமாக இருந்திருக்குமா, இருந்திருக்காதா, எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள நான் யாருக்கும் வழி விடவில்லை.

10. பிறகு ஆம்புலன்ஸ்காரர்கள் இருவரும் கர்ட்டிஸும் புல்லைப் பிடித்துக்கொண்டு சாலையோரமாகவே மேலே ஏறிப்போய், கோலெட் வீட்டிலிருந்த பனிச்சறுக்குப் பலகையில் வெர்னைக் கட்டிக் கயிறு பிடித்து இறக்கினார்கள். கூப்பிட்டதிலிருந்து அவர் ஆம்புலன்ஸுக்குள் போக ஐம்பது நிமிடம் ஆயிற்று. என் வாசலைக் கடக்கும்போது வெர்ன் என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. "லென்… வழுக்குது… பாத்து," என்றார்.

11. உயிர் பிழைத்துவிட்டார். நகரத்தில் மறுவாழ்வு மருத்துவமனையில் இருக்கிறார். வலது கை மூடவில்லை. ஸ்பூனைக் காட்டினால் கதவு என்கிறார். அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் கதை வேறு என்று மருத்துவர் கோலெட்டிடம் சொன்னாராம்.

12. இதற்குப் பழி யார் மேல் விழுந்தது என்பது தங்களுக்கே தெரியும். உப்பில்லாமல் வந்தார், தாமதமாக வந்தார் என்று ஊர்க்கூட்டத்தில் கர்ட்டிஸை ஆளாளுக்குப் பேசினார்கள். நானும் அந்தக் கூட்டத்தில், மூன்றாம் வரிசையில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் குற்றப் பத்திரிகை கொடுத்திருக்கிறீர்கள், வியாழக்கிழமை விசாரணை. என்னிடம் உப்பு கேட்டதை அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை அவரைத் தேடி லாரி நிறுத்துமிடத்துக்குப் போனேன்.

"உங்க வீட்டு அடித்தள ஜன்னல் வழியா மூட்டை தெரிஞ்சுது சார்," என்றார்.

அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க இல்லன்னு சொன்னா சொல்லிட்டுப் போங்க. நான் ஜன்னலை ஒடச்சு எடுத்திருக்கணும். எடுக்கல. வீட்டுக்காரர் இல்லங்குறாரேன்னு நின்னுட்டேன். தினம் காலைல முழிச்சா அதான் ஞாபகம் வருது," என்றார்.

தன் கடமையை முழுதாகச் செய்த மனிதர் ஒருவர், என் பொய்க்கு மரியாதை கொடுத்ததற்காகத் தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேலும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

13. நேற்று இந்த மனுவின் நகலை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்து போய், கோலெட்டிடம் வாசித்துக் காட்டினேன். முடித்ததும், "தண்ணி கேனைத் தூக்கிக்கிட்டு வந்தாரே, அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல லென்?" என்றார். நான் மனுவை மடித்துக்கொண்டேன். "அனுப்புங்க. ஆனா அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே, தங்களைப் பணிந்து கேட்டுக்கொள்வது:

எங்கள் சாலையில் இன்றைக்கே உப்பு போட உத்தரவிட வேண்டும். உப்பில்லாப் பகுதி என்று நட்டிருக்கும் பலகையைப் பிடுங்க வேண்டும்.

திரு. கர்ட்டிஸ் பெனுவா மீதான குற்றப் பத்திரிகையைத் திரும்பப் பெற்று, இந்த மனுவை அவருடைய பணிக்கோப்பில் சேர்க்க வேண்டும். அவரைக் குறை சொன்ன அதே ஊர்க்கூட்டத்தில் இதை வாசிக்கவும் வேண்டும். வாசிக்க என்னையே அழைத்தால் வருகிறேன்.

முந்தைய மனுவில் கையெழுத்திட்ட மற்ற பத்துப் பேரும் என்னால் ஏமாற்றப்பட்டவர்கள். அவர்கள் மேல் எந்த நடவடிக்கையும் வேண்டாம். உப்பு கலந்த தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்ததற்கும், அவசர நேரத்தில் உதவி மறுத்ததற்கும் சட்டம் என்ன சொல்கிறதோ அதை என் மேல் எடுங்கள். நான் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளப் போவதில்லை.

காரைப் பற்றி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை. அதன் அடியில் இன்னும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதைச் சொல்லவே நாக்கூசுகிறது.

நாளை காலை நான் மருத்துவமனைக்குப் போகிறேன். வெர்னுக்கு இப்போது பிறர் பேசுவது மெதுவாகத்தான் புரிகிறதாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல்ல வேண்டும், புரிந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்ல வேண்டும் என்று அங்குள்ள செவிலியர் தொலைபேசியில் சொன்னார். அப்படியே சொல்லப்போகிறேன்.

இடம்: நார்த் பெல்மர்
நாள்: 06.02.2023

தங்கள் முன் தலை நிமிர இயலாத,
(ஒப்பம்)
லெனர்ட் ப்ரூசாக்

இணைப்பு: 1. முந்தைய மனுவின் நகல்.
2. சுகாதார அலுவலர் தம் கையாலேயே என் கிணற்றில் எடுத்த தண்ணீரின் புதிய பரிசோதனை அறிக்கை.