ஆய்வு முடியும் வரை

ஏரிமேடு,
4 பிப்ரவரி 2025

அன்புள்ள மரியாவுக்கு,

நீ பாகாயம் போனதிலிருந்து ஏரிப் பக்கம் வந்தாலே கால் தானாக உன் வீட்டுக்குத் திரும்புகிறது. உன் மகள் நிஷா பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக உன் வீட்டுக்காரர் வேலாயுதம் அண்ணன் சொன்னார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்கத் தொழுகைதோறும் துவா செய்கிறேன். ஷூ கம்பெனி மெஷின் சத்தத்தில் உன் காது போனபிறகு போனில் பேசி என்ன பயன்? மெசேஜ் அனுப்பினால் உனக்கு முன்னால் உன் மருமகன்தான் படிக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். பதில் போடாமல் இருந்தால் நிஜமாகவே கோபித்துக்கொள்வேன்.

நம் ஏரித் திட்டம் நகராட்சிக் கூட்டத்தில் தேறிவிட்டது, மரியா. தூர் வாருவது, கரையைச் சுற்றி நடைபாதை, மரக்கன்றுகள், சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஏரியில் விட ஒரு தொட்டி. சென்னையிலிருந்து இருபதாம் தேதி ஆய்வுக்கு வருகிறார்கள். அவர்கள் சரி என்றால் வேலை தொடங்கும். கவுன்சிலர் என்று சொல்லிக்கொண்டு இத்தனை நாள் குழாயும் தெருவிளக்கும்தான் பார்த்தேன். இது ஒன்றாவது என் பெயரில் நிற்கட்டும்.

இன்னொரு விஷயம். கரையில் காகங்கள் செத்துக் கிடந்தன. ஆந்திராவில் கோழிகளுக்கு நோய் என்று பேப்பரில் வருகிறது. பேரணாம்பட்டு தாண்டி எல்லையில் லாரிகளுக்கு மருந்தடிக்கிறார்கள். நகராட்சித் தலைவரிடம் சொன்னேன். "இப்ப இத கிளப்பினா ஆய்வே நின்னுடும்மா. திட்டம் வேற ஊருக்குப் போய்டும். ஆய்வு முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார். ஆளை வைத்துப் புதைத்துவிட்டோம். மருந்து வைத்த எலியைத் தின்றிருக்கும் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன். வாத்துகளை ஏரியில் விட வேண்டாம் என்று அண்ணனுக்கு நீ சொல்லி வை. நான் சொன்னால் நாலு பேர் முன்னால் காரணம் கேட்பார்.

திட்ட வரைபடத்தில் உன் வாத்துக் கொட்டகை ஏரிப் புறம்போக்கில் வருகிறது. எல்லைக் கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதே.

உன்,
பில்கிஸ்


பாகாயம்,
9 பிப்ரவரி 2025

அன்பு பில்கிஸ்,

உன் கடிதத்தை நிஷாவுக்கும் படித்துக் காட்டினேன், காகம் செத்த பகுதியை மட்டும் விட்டுவிட்டு. படுத்திருக்கிற பெண்ணுக்கு அது எதற்கு? அவளுக்குக் கால் வீக்கம் கம்மியாகியிருக்கிறது. கஞ்சியைப் பார்த்தால்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நீ சொன்னபடி வாத்துகளைத் தண்ணீரில் விட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினேன். "தண்ணியில்லாம வாத்து எப்டி இருக்கும்? இன்னா ஆச்சு உனக்கு?" என்று சிரித்தாராம், பக்கத்து வீட்டுப் பையன் மெசேஜில் போட்டிருந்தான். கால்நடை டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நிஷாவிடம் போனை வாங்கினேன். அவளையே பேசச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. அப்போது உன் கடிதத்தின் கடைசி வரி நினைவுக்கு வந்தது. உன்னை மீறிச் சொல்லி, கோடு தள்ளாமல் அந்தக் கொட்டகையை இடித்துவிட்டால் எங்களுக்கு வேறு இடம் ஏது? போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எங்கள் தெரு அக்தரி பேகத்திடமாவது சொல்லலாமா? அவர் கோழிகளும் என்னுடையவற்றோடுதான் மேய்கின்றன. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

மரியம்மாள்


ஏரிமேடு,
27 பிப்ரவரி 2025

மரியா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆய்வு நன்றாக நடந்தது. கரையில் நடந்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், இளநீர் குடித்தார்கள். அன்று காலையிலேயே அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ரெண்டு வாத்து கழுத்தத் தொங்கப் போட்டுக்கினு இருக்குது, பில்கிஸ். டாக்டர வரச் சொல்றியா?" என்றார். சாயங்காலம் வரை பொறுங்கள் அண்ணே என்றேன்.

மறுநாள் பாதி வாத்துகள் செத்துக் கிடந்தன. அதற்குப் பிறகுதான் டாக்டருக்குச் சொன்னேன். மாதிரி எடுத்து அனுப்பினார்கள். பறவைக் காய்ச்சல்தான் என்று நேற்று முடிவு வந்தது.

இன்று ஏரிமேட்டில் ஒரு கோழி கூட இல்லை. வெள்ளை உடை போட்டவர்கள் வீடு வீடாகப் போய்ப் பிடித்தார்கள். குழி தோண்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார்கள். உன்னுடையவையும் அந்தக் குழியில்தான். அக்தரி பேகம் ஒரு சேவலைப் புர்காவுக்குள் மறைத்து வைத்திருந்தார். அதிகாரிகளுக்குக் கேட்க மனம் வரவில்லை. நான்தான் கைநீட்டி வாங்கிக் கொடுத்தேன். "இன்னா பில்கிஸ், எப்பலேர்ந்து இருக்குது இந்த நோய்?" என்று கேட்டார். நேற்றுதான் தெரிந்தது என்றேன். என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார், மரியா. நானும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

இதை விடப் பெரியது ஒன்று இருக்கிறது. செத்த வாத்துகளை அண்ணன் வெறும் கையால் அள்ளிப் போட்டிருக்கிறார். நேற்று முதல் காய்ச்சல், இருமல். வேலூர் ஆஸ்பத்திரியில் தனி அறையில் சேர்த்திருக்கிறார்கள். உன் மருமகனுக்குச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன் சேதி உனக்கு வந்திருக்கும். ஆனால் அவர் ஏன் அங்கே படுத்திருக்கிறார் என்பதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

பில்கிஸ்


பாகாயம்,
6 மார்ச் 2025

பில்கிஸ்,

அவருக்குப் பறவைக் காய்ச்சல் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. சாதாரணக் காய்ச்சல், நெஞ்சுச் சளி. நேற்று பொது வார்டுக்கு மாற்றினார்கள். இதை முதலில் எழுதுகிறேன், நீ தூங்கியிருக்க மாட்டாய் என்று தெரியும்.

நிஷாவுக்குப் பெண் குழந்தை. சுகப் பிரசவம். முடிவு வரும் வரை நான் அந்தக் குழந்தையைத் தொடவில்லை. அவர் அறை வாசலில் நின்றுவிட்டு வந்தவள் எப்படித் தொடுவேன்? சம்பந்தியம்மாள் தூக்கி வைத்துக்கொண்டார், நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். "ஏம்மா தூரமா நிக்கிற?" என்று நிஷா கேட்டாள். ஜலதோஷம் என்றேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். தலைவர் சொன்னார் என்றாய், சரி. உனக்கு வாய் இல்லையா என்று எழுதினேன். எழுதி அடித்துவிட்டேன். போனைக் கையில் வாங்கித் திருப்பிக் கொடுத்தவள் நான்தானே. கொட்டகைக்காக அவரையே பணயம் வைத்திருக்கிறேன்.

நேற்று அவர் கேட்டார். வாயை நன்றாக அசைத்து, எனக்குப் புரிகிற மாதிரி: "தண்ணில விடாதன்னு சொன்னியே. உனக்கு முன்னமே தெரியுமா?" தெரியாது என்று தலையாட்டினேன். அவர் நம்பிவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

மரியம்மாள்


ஏரிமேடு,
24 மார்ச் 2025

அன்பு மரியாவுக்கு,

பேத்திக்கு என் சலாமும் முத்தமும். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேட்டு அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

நேற்று நம் வார்டில் பகுதி சபைக் கூட்டம். அழித்த பறவைகளுக்கு அரசு நிவாரணம் தருகிறது, தானாகச் செத்தவற்றுக்கு இல்லை என்று அதிகாரி விளக்கினார். ஏன் இல்லை என்று சத்தம் போட்டார்கள். சீக்கிரம் சொல்லியிருந்தால் இத்தனை செத்திருக்காதே என்றார் அதிகாரி. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டில் மறைத்தார்கள் என்று பேச்சு கிளம்பியது. உன் வீட்டுப் பெயரும் வந்தது, மரியா. முதலில் செத்தவை உன் வாத்துகள்தானே.

எழுந்து சொல்லிவிட்டேன். காகம் செத்தது, புதைத்தது, ஆய்வுக்காகக் காத்திருந்தது எல்லாம். தலைவர் சொன்னார் என்பதையும் சொன்னேன், ஆனால் முடிவு என்னுடையது என்றேன். பிறகு அக்தரி பேகம் எழுந்து, "அன்னிக்கு என்கிட்ட நேத்துன்னு சொன்னியேம்மா" என்றார். அப்படியே வெளியே போய்விட்டார்.

திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தலைவர் என் போனை எடுப்பதில்லை. விலகச் சொல்லி ஆள் விட்டார். விலகினால் தப்பித்த மாதிரி ஆகிவிடும் என்று விலகாமல் இருக்கிறேன். இனி எந்தப் பறவை செத்தாலும் அன்றே டாக்டருக்குச் சொல்லி, அலுவலகப் பலகையில் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொடுத்திருக்கிறேன். வரைபடத்தில் உன் கொட்டகைக்காகக் கோட்டைத் தள்ளச் சொன்னதையும் திரும்ப வாங்கிவிட்டேன். உனக்கு வருத்தமாக இருக்கும். முறைப்படி மனுக் கொடு, மற்றவர்களோடு சேர்த்துப் பார்க்கட்டும்.

உனக்குத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. எங்கேயும் சொல்ல மாட்டேன். நீ எப்போது வருகிறாய்? உன்னோடு உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும் போலிருக்கிறது.

உன்,
பில்கிஸ்


ஏரிமேடு,
7 ஏப்ரல் 2025

பில்கிஸ்,

நான் வந்து நாலு நாள் ஆகிறது. உன் வீட்டுப் பக்கம் வரவில்லை என்று நீ கவனித்திருப்பாய். இதைக் குழாய் திறக்கும் சம்பத்திடம் கொடுத்தனுப்புகிறேன், உன் பக்கம் வரும்போது தருவான்.

நீ என் பெயரைச் சொல்லாமல் விட்டது நல்லதற்கு என்றுதான். ஆனால் வந்த அன்று தெருவில் பெண்கள் என்னைச் சுற்றி நின்று, "பாவம் மரியா, உன் வூட்டுக்காரரையே சாகக் கொடுக்கப் பார்த்தாளே அந்த பில்கிஸ்" என்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து அழுதாள். நான் அந்தக் கையை எடுக்கவில்லை. அன்று சோறு இறங்கவில்லை.

எனக்கும் முன்பே தெரியும் என்று அவரிடம் முதலில் சொன்னேன். எழுந்து போய்க் காலிக் கொட்டகையின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இத்தினி பேரு கோழியும் போச்சே மரியா" என்றார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு அக்தரி பேகம் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். சொல்லி முடித்ததும் உள்ளே போனவர் வெளியே வரவில்லை. மருமகள்தான் வந்து, "அம்மா தொழுறாங்க, அப்புறமா வாங்க" என்றாள். மறுநாளும் போனேன். அப்போது வந்து உட்கார்ந்தார். பேசவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை. நாளைக்கும் போவேன்.

உன் மேல் கோபம் இல்லை. ஷூ கம்பெனியில் இருபது வருஷம் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்தவர்கள் நாம், கோபம் எங்கே போய் நிற்கும்? ஆனால் உன் கடிதத்தின் நாலு வரியும் என் கடிதத்தின் நாலு வரியும் சேர்ந்து ஒரு தெருவின் தலையெழுத்தை முடிவு செய்துவிட்டன. நாம் இருவரும் தோழிகளாக இருந்ததால்தான் அது அவ்வளவு சுலபமாக நடந்தது. அதை நினைத்தால் டீ குடிக்க வர முடியவில்லை. இப்போதைக்கு முடியாது. எப்போது முடியும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

கொட்டகைக்கு மனுக் கொடுத்துவிட்டேன். கிடைத்தால் கிடைக்கட்டும். பேத்தி உன் பெயரைக் கேட்கிற வயது வரும்போது நல்லதையும் சேர்த்துச் சொல்வேன்.

இனி எனக்குத் தனியாக எழுதாதே, பில்கிஸ். காகம் செத்தாலும், ஏரிக்கு ஆள் வந்தாலும், யார் கொட்டகை போனாலும் அலுவலகப் பலகையில் எழுது. எல்லோரோடும் நின்று நானும் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மரியம்மாள்
உன் வார்டுக்காரி