அஞ்சு கட்டையில் ஓர் உறுமல்

அன்புள்ள ஹம்சினிக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான், நிரஞ்சன், அப்பா மூவரும் சௌக்கியம். அப்பாவின் இடுப்பு மட்டும் கொஞ்சம் சௌக்கியக் குறைவு, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? வீடியோவில் உன் மூக்கைப் பார்த்தால் பச்சை மிளகாய் கடித்தவள் மூக்கு மாதிரி இருக்கிறது, படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவிக்கொள். தினம்தான் போனில் பேசுகிறோமே, இந்தக் காகிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் இந்தக் கதையைச் சொல்லவே முடியாதடி, அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி இல்லை, நடந்தது வேற என்று ஒவ்வொரு வரியையும் திருத்துவார். அப்பளமும் நார்த்தங்காயும் கூரியரில் போடுகிறேன், அந்த டப்பாவுக்குள் இதையும் மடித்து வைத்துவிடுகிறேன். நடந்தது இதுதான்.

நிரஞ்சனுக்கும் மதுமதிக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போன விஷயம் எங்களுக்கெல்லாம் முன்னால் உனக்குத்தான் தெரியும், கள்ளி. அந்தப் பெண் வீட்டில் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா அய்யாதுரை தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பேச்சு குறைவான மனிதர். கேட்டுவிட்டுச் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லையாம், "ஒருக்கா அவங்க வீட்டப் பாத்துட்டு வருவோம்" என்றாராம், அவ்வளவுதான். என் அப்பா வேண்டாம் என்றால் எனக்குக் கல்யாணமே வேண்டாம், உன்னையும் வேண்டாம், வேறு யாரையும் வேண்டாம் என்று மதுமதி நம் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நிரஞ்சன் ரசத்தில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இங்கே நம் அப்பா இருக்கிறாரே, அவருக்குச் சம்மதம்தான், ஆனால் அவர் கவலை வேறு. "எனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லை ஜலஜா, ஆனா அந்த மனுஷரோட ஒரு சாயங்காலம் பூரா ஒக்காந்துண்டு என்னத்தைப் பேசறது? அவர் ஜவுளி, நான் இன்ஷூரன்ஸ். கடை தீப்பிடிச்சாதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே வரும்" என்றார். நல்ல நாளும் அதுவுமாக வாயில் வரும் வார்த்தையைப் பார்.

பேச்சு இல்லாத இடத்தைப் பாட்டால் நிரப்பிவிடலாம் என்று அப்பாவுக்கு ஒரு யோசனை. ஹாலில் இருக்கிற அவருடைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் உனக்குத் தெரியும், தினம் துடைப்பாரே, அதில் லேப்டாப்பைச் செருகி, நான் ரேடியோவில் பாடின கச்சேரிகளை மெதுவாகப் பின்னணியில் ஓடவிட்டால் வீடே களையாக இருக்கும் என்றார். செருகினார். பாட்டு வந்ததோ இல்லையோ, அதற்கு முன்னால் "ம்ம்ம்ம்ம்" என்று ஓர் உறுமல் வந்தது. சமையலறையிலிருந்த நான் யாரோ மிக்ஸியை அணைக்காமல் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. உள் அறையில் என்னிடம் பாட்டுக் கற்கிற ஷண்முகப்ரியா பாடத்தைத் தனியாகப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவள் திடீரென்று சுருதியை விட்டு மேலே ஏற ஆரம்பித்துவிட்டாள். என்னடி இது என்று கவனித்தால், பாவம், அவள் மேல் தப்பே இல்லை. அந்த உறுமல் சரியாக அஞ்சு கட்டையில், அதாவது என் சுருதியிலேயே, ஆனால் ஒரு மயிரிழை ஏறி ஒலிக்கிறது, பெண் அதோடு சேர்ந்து ஏறிவிட்டாள். நான் ஹாலுக்கு வந்து, உங்கள் பெட்டி அஞ்சு கட்டையில் பாடுகிறது, ஆனால் சுருதி சேரவில்லை என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. உன் சுருதிப்பெட்டி தப்பாக இருக்கும் என்றார்.

அதற்கப்புறம் வீடு வீடாக இல்லை. முதலில் வயரை மாற்றினார், உறுமியது. வேறு வயர் வாங்கி மாற்றினார், இன்னும் தெளிவாக உறுமியது. ஸ்பீக்கரை இடம் மாற்றினார், சோபாவை மாற்றினார், பீரோவையும் நகர்த்தப் போனார், நான் தடுத்தேன். ஃப்ரிட்ஜ்தான் காரணம் என்று எங்கேயோ படித்துவிட்டு அதை அணைத்தவர் திரும்பப் போட மறந்துவிட்டார், விருந்துக்கென்று வாங்கி வைத்த ஐஸ்க்ரீம் பாயசமாகிவிட்டது. மாடியில் குடியிருக்கிற டாக்டர் வஜீஹா வீட்டுக்குப் போய், உங்கள் ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்த முடியுமா, எங்கள் ஆம்ப்ளிஃபயர் உறுமுகிறது என்று கேட்டாராம். அந்தப் பெண் நிறுத்திவிட்டு, மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இப்ப எப்படி இருக்கு அங்கிள், வலி குறைஞ்சிருக்கா?" என்று நோயாளியை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். கடைசியில் ஒருநாள் நான் குக்கரை இறக்கிக்கொண்டிருந்தபோது மின்விசிறி நின்றது, ஹாலிலிருந்து "நின்னுடுத்து! ஜலஜா, நின்னுடுத்து பார்!" என்று அப்பாவின் சந்தோஷக் கூச்சல். போய்ப் பார்த்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். அய்யாதுரை வெள்ளைச் சட்டை வேட்டியில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், அவர் மனைவி சுந்தரவல்லி பழத்தட்டை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டை ஒரு பார்வை பார்த்தாள், மதுமதி தரையைப் பார்த்தாள், நிரஞ்சன் மதுமதி பார்க்கும் தரையைப் பார்த்தான். அப்பா தொண்டையைக் கனைத்து, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி என்றார். ஆமாம் என்றார் அவர். மெட்ரோ வேலை எப்போதுதான் முடியுமோ என்றார் அப்பா. தெரியலையே என்றார் அவர். அதோடு தீர்ந்தது. அந்த மௌனத்தைச் சொல்லி மாளாது ஹம்சினி, வெங்காய பஜ்ஜி கடிக்கிற சத்தம்கூட எனக்கு இடி மாதிரி கேட்டது. அப்பாவால் தாங்க முடியவில்லை, போய் ஆம்ப்ளிஃபயரையும் லேப்டாப்பில் பாட்டையும் போட்டுவிட்டார். "ம்ம்ம்ம்ம்." அய்யாதுரை சடாரென்று எழுந்தார். நிரஞ்சன் முகம் வெளுத்துவிட்டது, மதுமதிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, கிளம்பிவிட்டார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் வாசல் பக்கம் போகவில்லை. நேரே பெட்டியருகே போய்க் குனிந்து காதை வைத்துக் கேட்டார். "சார், நம்ம கடையிலயும் இதே சத்தந்தான்! பில் போடுற கம்ப்யூட்டர்ல பாட்டு போட்டோம்னா இப்படித்தான் உறுமுது. வாற ஜனமெல்லாம் கடையில மாவு மிஷின் ஓடுதான்னு கேக்காவ" என்றார். அந்த மனிதர் பேசி அத்தனை வார்த்தையை மதுமதியே கேட்டதில்லையாம்.

பிறகு என்ன, இரண்டு பேருக்கும் பேச்சு வந்துவிட்டது, வந்த வேகத்தில் சண்டையும் வந்துவிட்டது. பிளக்கில் மேலே இருக்கிற பெரிய பின்னை உடைத்துவிட்டால் சத்தம் போய்விடும் என்று தனக்கு ஒருவர் சொன்னதாக அய்யாதுரை சொன்னார். அப்பா துள்ளிவிட்டார். "அது எர்த் சார்! அதை ஒடைச்சா சத்தம் போகும், கூடவே ஆளும் போயிடுவார். ஷாக் அடிச்சு வந்த க்ளெய்ம் எத்தனை பாத்திருக்கேன் தெரியுமா?" என்றார். அவர் உடைக்கத்தான் வேண்டும் என்கிறார், இவர் என்னைக் கொன்றுவிட்டு உடையுங்கள் என்கிறார், சம்பந்தம் பேச வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது. மதுமதிதான் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, எதையும் உடைக்க வேண்டாம், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம், எதைக் கழற்றும்போது குறைகிறதோ அதுதான் காரணம் என்றாள். கெட்டிக்காரி. என்னை ஸ்பீக்கர் முன்னால் நிறுத்தினார்கள், காது எனக்குத்தானே இருக்கிறது. அய்யாதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டார், பின்னாலேயே அப்பாவும், வெளியே நாலு கால்கள் மட்டும் தெரிந்தன. மதுமதி லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கினாள். பாதி குறைந்தது என்றேன். மீதி எங்கிருந்து வருகிறது என்று உள்ளே தேடல் நடந்தது, அப்போதுதான் அடியிலிருந்து அய்யாதுரையின் குரல், "சம்பந்தி, டார்ச்ச இந்தப் பக்கம் காட்டுங்க" என்று. "இதோ சம்பந்தி" என்றார் அப்பா. நானும் சுந்தரவல்லியும் ஒருவரையொருவர் பார்த்தோம். உள்ளே இருந்த இரண்டு பேருக்கும் தாங்கள் என்ன சொன்னோம் என்பது தெரியவே இல்லை.

டிவி சத்தமும் அந்தப் பெட்டியில் வரட்டும் என்று அப்பா செட் டாப் பாக்ஸை அதோடு இணைத்திருந்தார், மொட்டை மாடியிலிருந்து வருகிற கேபிள் வயர் அதில் இருந்தது. அதைக் கழற்றியதும் உறுமல் போன இடம் தெரியவில்லை. லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த ரேடியோக் கச்சேரியிலிருந்து என் குரல் தெளிவாக வந்தது, தோடி ஆலாபனை. அய்யாதுரை மேஜைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி, யார் பாடுவது என்று கேட்டார். இவதான் என்று அப்பா சொன்னார், எத்தனையோ வருஷம் கழித்து அப்பா முகத்தில் ஒரு பெருமையைப் பார்த்தேன், எனக்கு வெட்கமாகப் போயிற்று. அய்யாதுரை எழுந்து நாற்காலிக்குப் போகாமல் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து கேட்டார். நன்றாக உச்சத்துக்குப் போகிற நேரத்தில், சார்ஜர் இல்லாத லேப்டாப் உயிரை விட்டது. அப்பா அவசரமாகச் சார்ஜரைச் செருகப் போய்த் தலையை மேஜையில் இடித்துக்கொண்டு, அப்படியே இடுப்பையும் பிடித்துக்கொண்டார். சார்ஜர் வந்ததும் உறுமலும் வந்தது. சுவரில் ஒன்று, எதிர்ச்சுவரில் ஒன்று என்று செருகாமல் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகச் சொன்னான் நிரஞ்சன், அவன் முதல்நாளே சொன்னதுதான், யார் கேட்டார்கள்? அப்படிச் செய்ததும் அடங்கிவிட்டது என்று இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். இல்லை, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். எனக்குக் கேட்கவில்லையே என்றார் அப்பா. "மதினி இருக்குன்னா இருக்கும் சம்பந்தி" என்று அவர் முடித்துவிட்டார்.

இதற்கு நடுவில் சமையலறையில் சுந்தரவல்லி என்னிடம் நேராகவே பேசினாள். "எங்க பிள்ள மீன் சாப்பிட்டு வளந்தவ. உங்க வீட்டுல சமைக்க வேண்டாம், அது எனக்குத் தெரியும். ஆனா எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுட்டு உங்கட்ட ஒளிக்கப்பிடாது மதினி, அதுதான் எனக்குப் பயம்" என்றாள். ஒளிக்க வேண்டாம், நீங்கள் என்ன மீன் குழம்பு வைத்தீர்கள் என்று அவள் என்னிடம் வந்து சொல்லட்டும், நான் பாட்டுப் பாடம் சொல்லித் தருகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணம் நிச்சயமானது உண்மையில் அங்கேதான், ஆண்களுக்கு இதைச் சொல்லாதே.

மறுநாளே இரண்டு பேரும் ரிச்சி தெருவுக்குப் போனார்கள். லேப்டாப் வயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் போடுகிற தீப்பெட்டி அளவுச் சாதனம் ஒன்று இருக்கிறதாம், பாட்டை விட்டுவிட்டு உறுமலை மட்டும் நிறுத்துமாம். நமக்கு ஒன்று, கடைக்கு ஒன்று வாங்கி வந்து மாட்டினார்கள். என் காதுக்கே கேட்கவில்லை. கடையிலும் போய்விட்டது என்று அய்யாதுரை போன் செய்தார், அதே போனில், தை மாதம் நாள் பார்த்துவிடலாமா என்றும் கேட்டார். அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் வந்து, ஜலஜா, அவர் சம்மதிச்சுட்டார் என்றார். அவர் மேஜைக்கு அடியிலேயே சம்மதித்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை.

வடபழனியில் மண்டபம் பார்த்தாகிவிட்டது. இப்போதே லீவு சொல்லிவிடு, இரண்டு நாள் முன்னால் வந்து இறங்குகிற வேலை வேண்டாம், நன்றாக முன்கூட்டியே வா, எனக்கு ஒரு துணை வேண்டும். ஏனென்றால் மைக் செட் வைக்கிற ஆளை இந்த இரண்டு சம்பந்திகளும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள், எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். எனக்கு இருக்கிற ஒரே தைரியம் நாதஸ்வரக்காரர்தான், அவருக்குக் கரண்ட் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், மூக்குக்கு எண்ணெய், வேளாவேளைக்குச் சோறு. தீர்க்காயுசாக, நிறைந்த மனசோடு இரு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜலஜா ஸ்ரீரங்கன்
மயிலாப்பூர்