ரேமில் போட்ட சமாதானம்

பாப்பாரப்பட்டி

அன்பு மகள் அருள்ராணிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் தனிக் கருத்து வைத்திருக்கிறது. ஹாம்பர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம்.

தேர்த் திருவிழா நடந்து முடிந்தது. நடக்குமா என்பதே சந்தேகமாக இருந்தது, காரணம் உன் அப்பா. வடத்தில் முதல் பிடி யாருக்கு என்று உன் சவுரியப்பன் மாமாவுக்கும் ஆரோக்கியராஜ் சித்தப்பாவுக்கும் உள்ள தகராறு உனக்குத் தெரியும், போன வருடம் அதனால் தேர் கோயில் வாசலை விட்டு நகரவில்லை. இந்த வருடமும் அப்படியானால் இனித் தேரே கிடையாது என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். ஆகவே இருவரையும் நம் வீட்டில் உட்காரவைத்து நான்கு நாள் பேசி, எந்தத் தெருவில் யார் முன்னால் என்று பதினேழு அம்சங்களில் முடிவு கண்டோம். பேசப் பேச நீ விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் நான் டைப் செய்தேன். சேவ் பண்ணிட்டீங்களாப்பா என்று போனில் கேட்டாய், திரையில் தெளிவாகத் தெரிகிறதே என்றேன். அணைத்தால்தானே போகும் என்று நான்கு நாளும் அணைக்கவே இல்லை. ஐந்தாம் நாள் கரண்ட் போனது, யூ.பி.எஸ். பீப் பீப் என்று அலறியது, இது ஏன் இப்படிக் கத்துது என்று அம்மா பொத்தானை அமுக்கினாள். யூ.பி.எஸ். அமைதியானது, சமாதானம் போயிற்று.

கம்ப்யூட்டர் கடை மாதேஸ்வரன் வந்து பார்த்து, “ஏனுங்க, ரேமுங்கிறது கரும்பலகைங்க, கரண்டு போச்சுன்னா தொடச்சிக்கும், ஹார்ட் டிஸ்க்குதானுங்க நோட்டு, நீங்க நாலு நாளா பலகையிலயே எழுதியிருக்கீங்க” என்றார். ரோம் என்று ஒன்று உண்டாம், செய்யும்போதே எழுதிவிடுவார்களாம், பிறகு படிக்கலாம், மாற்ற முடியாதாம், உன் மாமாவை அன்றுதான் புரிந்துகொண்டேன். கேஷ் என்பது சிறியதாம், அடிக்கடி தேவைப்படுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து நொடியில் எடுத்துத் தருமாம், அம்மா என் தவறுகளை அப்படித்தான் வைத்திருக்கிறாள்.

தேருக்கு இரண்டே நாள். இருவரையும் தனித்தனியே பார்த்து, முடிவானதை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொன்னேன், ஆளுக்கொரு பொய் வரும் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனிதருக்குப் பெற்றது மறந்துவிடுகிறது, விட்டுக்கொடுத்தது மட்டும் அழிவதில்லை. “மொதப் பிடிய அவனுக்கே வுட்டுட்டேன் மாப்ள, நன்றி கெட்டவன் மறந்துட்டானா” என்றார் மாமா. “நாந்தானுங்ணா வுட்டுக் குடுத்தேன், பெரிய மனசு யாருதுன்னு ஊரு பாக்கட்டும்” என்றான் சித்தப்பா. இரண்டையும் அப்படியே டைப் செய்து, சேவ் செய்து, படித்துக்காட்டினேன். இருவராலும் மறுக்க முடியவில்லை.

தேரன்று வடத்தின் முன்பக்கம் காலியாகக் கிடந்தது, இரு வீட்டாரும் பெருந்தன்மையோடு பின்னால் நின்றார்கள். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். “இப்பிடியே நின்னா பொழுது வுழுந்துரும்” என்று அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு போய் முதல் பிடியைப் பிடித்தாள். ஒருவருக்குத் தங்கச்சி, இன்னொருவருக்கு அண்ணி, யார் என்ன சொல்ல முடியும். தேர் நான்கு தெருவும் சுற்றி வந்தது.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், வேலை வேலை என்று ஞாயிறு பூசையை விட்டுவிடாதே. இந்த வருடத்து முறையையே இனி வழக்கமாக எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரிக்கு வரி சேவ் செய்யச் சொல்கிறாள். உனக்கும் ஒரு பிரதி வருகிறது, பத்திரமாக வை.

இப்படிக்கு
அப்பா, ஸ்தனிஸ்லாஸ்