அழவைக்கிற ஏனோக்

9 ஜனவரி 1967, திங்கள்

நேற்று ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நாடகம். மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நான் விழுந்து அழுதபோது எங்கள் லாலாகூடா ரயில்வே காலனியே அழுதது. இரண்டாயிரம் பேர் இருக்கும். ஹாலில் முந்நூறு நாற்காலிதான் என்கிறாள் என் மனைவி ஹில்டா. நிற்கிறவர்களை யார் எண்ணுவது? ஃபோர்மேன் கைக்குட்டையைப் பிழிந்ததை மேடையிலிருந்து என் கண்ணால் கண்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் பையன்கள் கேட்டார்கள்: "ஏனோக் மாமா, வெங்காயம் வச்சுக்கிறீங்களா?"

"என்னையப் பாத்தா வெங்காயம் அழும்லே" என்றேன்.

15 ஜனவரி

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனைத் தேடி சினிமா வந்திருக்கிறது. நாடகத்தைப் பார்த்த உதவி டைரக்டர் கிருஷ்ணமூர்த்தி வீட்டுக்கே வந்தார். தெலுங்குப் படம். கதாநாயகிக்கு நான் அப்பா. அவள் பிணத்தைத் தூக்கிவருவார்கள். நான் ஒரு வசனம் பேசி விழ வேண்டும்.

"ஒரே ஒரு வசனமா?" என்றாள் ஹில்டா.

"ஒண்ணுதான். ஆனா படமே அது மேலதான் நிக்கி."

நாடக சபா செயலாளர் பத்மநாபனிடம் போய், இனி அப்பா வேஷத்தை ஜகதீசனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். சினிமாக்காரனுக்கு மேடையில் என்ன யோசனை?

12 பிப்ரவரி

வசனத்தைக் கிருஷ்ணமூர்த்தி சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். "நா குண்ட பகிலிபோயிந்தி." என் நெஞ்சு உடைந்துபோயிற்று என்று அர்த்தமாம். கண்ணாடி முன் நின்று சொன்னால் எனக்கே அழுகை வருகிறது.

மகள் மெட்டில்டா எட்டிப் பார்த்தாள். "டாடி, நேனு நேர்பிஸ்தா" என்றாள். சொல்லித் தருகிறாளாம். தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் சொல்லுவாள். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நான் நடிப்புப் படிப்பதா? விரட்டிவிட்டேன்.

20 பிப்ரவரி

ஷூட்டிங் முடிந்தது. ஒரே டேக். எல்லோர் கண்ணிலும் தண்ணீர். டைரக்டர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

21 பிப்ரவரி

கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. சிரித்துச் சிரித்து வந்தது.

ராத்திரி மெட்டில்டாவிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. "அங்கு" என்று சொல்லும்போது வருகிற கு, அது இதயத்துக்கு. "குருவி"யில் வருகிற கு, அது பானைக்கு. நம் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே கு. போதாததற்கு அவசரத்தில் கடைசி எழுத்துக்குக் கொம்பும் போடாமல் விட்டிருக்கிறேன். அது குண்டெ. நான் சொன்னது குண்ட.

மகள் பிணத்தைப் பார்த்து, "என் பானை உடைந்துபோயிற்றே" என்று கதறியிருக்கிறேன். மார்பில் வேறு அடித்துக்கொண்டேன்.

பதினைந்து வருஷமாக இந்த ஊரில் தெலுங்கில் சண்டை போடுகிறேன். ஒரு சண்டையிலாவது நெஞ்சைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாதா?

26 பிப்ரவரி

ஆராதனைக்குப் போகவில்லை. ஸ்டூடியோ வாசலில் நின்றேன். இன்னொரு தடவை எடுங்கள், நின்ற நிலையில் நூறு தடவை சரியாகச் சொல்லுகிறேன் என்று கேட்க வேண்டும். கூர்க்கா உள்ளே விடவில்லை.

5 மார்ச்

மறுபடி வாசல். கிருஷ்ணமூர்த்தி மட்டும் வெளியே வந்தார். ஜாடையில் பாதி, தமிழில் பாதி: "மாமகாரு, மீரு அதிர்ஷ்டசாலி. படத்துல காமெடியே இல்லன்னு டைரக்டர் கவலைப்பட்டாரு. இப்ப கதையே மாத்திட்டாரு. பொண்ணு சாவல, மயக்கம். நீங்க பானை செய்யறவர். உடைஞ்ச பானை ஒண்ணு பக்கத்துல வெச்சு எடுத்து ஒட்டிடுவோம்."

"எனக்கு அழ வைக்கத்தாங்க தெரியும்" என்றேன்.

"ஹவ், ஹவ்" என்று ஆமாம் போட்டுத் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

24 மார்ச், பெரிய வெள்ளி

சபையில் ஆண்டவர் உயிர்விடும் பகுதியை வருஷா வருஷம் நான்தான் வாசிக்கிறது. வாசித்தேன். முன்பெஞ்சுப் பெண்கள் எல்லாம் முந்தானையில் கண்ணைத் துடைத்தார்கள். நான் உள்ளே ஜெபித்தது அந்தப் படச்சுருள் எரிந்துபோக வேண்டும் என்று. பெரிய வெள்ளிக்கிழமை. மன்னியும் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்படியே அதை எரித்தும் விடும் என்றேன்.

18 ஆகஸ்ட்

எரியவில்லை. இன்று ரிலீஸ்.

19 ஆகஸ்ட்

திரையில் நான் வாயைத் திறந்ததும் கொட்டகை அதிர்ந்தது. விசில். பெஞ்சில் ஏறி நின்றார்கள். அழுதது ஒரே ஒருத்தி – ஹில்டா.

"எல்லாரும் சந்தோசமாத்தானே சிரிக்காவ" என்றாள் வரும் வழியில்.

"அப்ப நீ ஏன் அழுத?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன்."

10 அக்டோபர்

தெருவில் பெயர் போய்விட்டது. மல்காஜ்கிரி பஸ்ஸில் கண்டக்டர், "குண்ட மாமா, ரண்டி" என்று பானை மாமாவை வரவேற்று எழுந்து இடம் கொடுக்கிறான். இன்னும் மூன்று படத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னேன். எல்லாம் வழுக்கி விழுகிற வேஷம். ஒரு படத்திலாவது தகப்பன் வேஷம் கேட்டேன். பன்றியைத் துரத்துகிற தகப்பன் என்றார்கள்.

12 ஏப்ரல் 1968, பெரிய வெள்ளி

எப்படி எழுதுவது?

வேதப்புத்தகத்தைத் திறந்து நின்றேன். "ஆறாம் மணி நேரமுதல்" – அவ்வளவுதான் வாசித்தேன். பின்னால் ஒரு பிள்ளை களுக்கென்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பொத்தின அம்மா சிரித்தாள். பெஞ்சு பெஞ்சாகத் தோள்கள் குலுங்கின. குனிந்து அழுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நினைத்துக் குரலைக் கொஞ்சம் உடைத்தேன் பாருங்கள். சத்தமாகவே சிரித்துவிட்டார்கள். ஆண்டவர் சிலுவையில் தொங்குகிறார், இவர்கள் சிரிக்கிறார்கள். என்னால். என் மூஞ்சியால்.

சபைப் போதகர் ஐயர் வந்து மெதுவாகப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மிச்சத்தைப் பாடகர் குழுப் பையன் ஜெயகரன் வாசித்தான். மரக்கட்டை மாதிரி வாசித்தான். எல்லோரும் அழுதார்கள்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். அதே கண்ணு, அதே மூக்கு. எங்கடே போச்சு? யாருகிட்டப் போய்க் கேக்க?

13 ஏப்ரல்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

2 ஜூன்

பத்மநாபன் வந்தார். சபாவின் புது நாடகம். "நீங்க இருக்கீங்கன்னா ஹால் பத்தாது மாமா."

அப்பா வேஷமா என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

தரையைப் பார்த்தார். "அத ஜகதீசன் பண்றான். நல்லாவே அழறான். நீங்க சமையல்காரர். மூணு சீன்."

மெட்டில்டா உள்ளே இருந்து, "நக்கோ டாடி" என்றாள். வேண்டாமாம். எங்களுக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

மூன்றை ஐந்தாக்குங்கள், வருகிறேன் என்றேன்.

16 ஜூன்

ஹில்டா சமையல்காரன் கால்சட்டையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். இடுப்பில் கச்சிதமாகப் பிடித்துத் தைத்திருந்தாள். "போட்டுப் பாருங்க, மரியாதையா இருக்கும்" என்றாள்.

பிரித்துத் தளர்த்தித் தைக்கச் சொன்னேன். மேடையில் அது நழுவ வேண்டும்.

தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள்.